எளிதில் காட்டலாம்

முப்பத்தெட்டு சிலைடு என்றார்கள். இப்போது ஆறாவது. ஒன்றுக்கு ஒரு நிமிடம் என்று வைத்தாலும் இன்னும் பதினோரு நிமிடத்தில் பதினேழாவது வரும், அதில் என் பெயர் இருக்கும், பெயருக்குக் கீழே இரண்டு சமன்பாடுகள் இருக்கும், மூன்றாவது இருக்காது. எமில்டா அவசரப்படாமல் பேசுகிறார். நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் இருபது வருடமாக இயற்பியல் எடுத்த குரல், கடைசி பெஞ்சுக்கும் கேட்க வேண்டும் என்று பழகிப்போன குரல், மைக்கே தேவையில்லை. நாற்பத்து நான்கு வயது. வேலையையும் பார்த்துக்கொண்டு ஒன்பது வருடம் ஆய்வு செய்து, இன்று முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு. நான் மதுரையிலிருந்து வந்திருக்கும் வெளித் தேர்வாளர். முன்வரிசையில் எனக்கென்று ஒரு மேசை, வெள்ளை விரிப்பு, தண்ணீர் பாட்டில், தட்டில் முந்திரிப்பருப்பும் நேந்திரங்காய் சிப்ஸும். பக்கத்து நாற்காலியில் எமில்டாவின் நெறியாளர் தாணுமாலயன், அடுத்த மாதம் ஓய்வு பெறப்போகிறவர், கண்களை மூடித் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருக்கிறார். காரை விட்டு இறங்கும்போதே வாசலில் பேனரைப் பார்த்தேன். பச்சைப் பின்னணியில் எமில்டாவின் படம், முனைவர் எமில்டா ராணி அவர்களுக்கு வாழ்த்துகள், கீழே சக ஆசிரியர்களின் பெயர்கள். தேர்வு பதினொரு மணிக்கு, பட்டம் காலை எட்டு மணிக்கே கம்பத்தில் ஏறிவிட்டது. இதில் யாருக்கும் எந்த வித்தியாசமும் தோன்றாது, எல்லா ஊரிலும் இப்படித்தான். என் அறிக்கை போன மாதமே வந்து சேர்ந்துவிட்டது, மிகச் சிறந்த ஆய்வேடு, பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறேன், கீழே என் கையெழுத்து. இனி இங்கே நடப்பது சாப்பாட்டுக்கு முந்திய சடங்கு. வராண்டாவில் எமில்டாவின் கணவர் ததேயுஸ் துண்டுத் தாள்களை மாணவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார், ஒவ்வொன்றிலும் ஒரு கேள்வி. அவையிலிருந்து கேள்வி எழ வேண்டும் என்பது விதி, எழாமல் போனால் அசிங்கம் என்பதால் ஆய்வாளரே கேள்விகளை எழுதிக் கொடுத்துவிடுவது எங்கள் வழக்கம். பதிலும் தயாராக இருக்கும். என்னுடைய கேள்வியை மட்டும் யாரும் எனக்கு எழுதித் தரவில்லை.

ஏழாவது சிலைடு. அண்டவியல் மாறிலி என்றால் என்ன என்று சொல்கிறார். அவையில் அவருடைய மாமியார் பட்டுப்புடவையில் உட்கார்ந்திருக்கிறார், அவருக்கும் புரிய வேண்டும் என்பதுபோலச் சொல்கிறார். வெற்றிடம் வெறுமையாக இல்லை, அதற்குள் ஒரு தள்ளும் குணம் இருக்கிறது, எல்லா இடத்திலும் ஒரே அளவில், அதற்கு லாம்ப்டா என்று பெயர், விண்மீன் கூட்டங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் போவதை அது விரைவுபடுத்துகிறது. அது என்றைக்கும் ஒரே அளவுதானா, காலப்போக்கில் மாறுமா, இதுதான் என் ஆய்வின் கேள்வி என்கிறார். நல்ல கேள்வி. நானும் இதைத்தான் கேட்டேன், முப்பது வயதில். ஏசியிலிருந்து ஒரு கடகடப்பு வருகிறது. அதற்கு அடியில் என் காதுக்குள் இருக்கும் இரைச்சல். அது பதினோரு வருடமாக இருக்கிறது. தூரத்தில் ஒரு மாவு மில் ஓடுகிற மாதிரி, நிற்காமல், பேச்சு இல்லாத இடத்திலெல்லாம் அதுதான் நிரம்பிக் கிடக்கும். கூடிக்கொண்டே போகிறது டாக்டர் என்றேன். காது டாக்டர் சிரித்தார். கூடல சார், நீங்க கவனிக்கிறதுதான் கூடுது என்றார். எப்படித் தெரியும் அவருக்கு. எனக்கே எப்படித் தெரியும். நேற்றைய இரைச்சலை எடுத்து இன்றைய இரைச்சலுக்குப் பக்கத்தில் வைத்து அளக்க முடியுமா. நேற்றையது போய்விட்டது, அதைக் கேட்ட காதும் நேற்றைய காது. ஒன்று மாறவில்லை என்று சொல்ல மாறாத இன்னொன்று வேண்டும். அந்த இன்னொன்றும் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தால்? மனைவி செண்பகத்திடம் கேட்டேன், உனக்கு ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று. உங்க குறட்டைதான் கேக்குது, வேற என்ன கேக்கப்போவுது என்றாள். கல்யாணமாகி இருபத்தேழு வருடம், அவளிடம்கூடச் சொல்லவில்லை. எதைச் சொல்வது. ஒரு வரி. ஏழே சொல்லில் ஒரு வரி எழுதினேன், அதை எழுதும்போது சரிபார்க்கவில்லை என்றால் அவளுக்கு என்ன புரியும். அடுப்பில் பால் வைத்துவிட்டுப் பார்க்காமல் விட்டதுபோல என்று சொல்லலாமா. இல்லை, பால் பொங்கினால் அப்போதே தெரிந்துவிடும்.

மூன்று சமன்பாடுகள். அண்டம் எவ்வளவு வேகமாக விரிகிறது என்று ஒன்று. உள்ளே இருக்கும் பொருள் எப்படி நீர்த்துப்போகிறது என்று ஒன்று. அந்த வேகம் எப்படிக் கூடிக் குறைகிறது என்று ஒன்று, அது முடுக்கச் சமன்பாடு. மாணவனாக இருந்தபோதே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள், இதில் எந்த இரண்டை எடுத்தாலும் மூன்றாவது தானாக வந்துவிடும், இரண்டு போதும். ஆகவே எல்லோரும் எளிதான இரண்டை எடுப்போம். மூன்றாவதைப் போட்டுப் பார்க்கிறவனை எங்கள் தொழிலில் நான் கண்டதில்லை, வீட்டைப் பூட்டிவிட்டு மூன்றுமுறை இழுத்துப் பார்க்கிறவனைப் பார்ப்பதுபோலத்தான் அவனைப் பார்த்திருப்போம். ஏப்ரல் மாத வெயிலில் ஒரே வாரத்தில் அந்தக் கட்டுரையை எழுதினேன். லாம்ப்டாவைக் காலத்தோடு குறைய விட்டேன், பொருள் வழக்கம்போல நீர்த்துப்போகட்டும் என்றேன், இரண்டு சமன்பாடு, விடை அழகாக வந்தது, அண்டத்தின் வயது அந்த நாளில் மூத்த விண்மீன்களின் வயதைவிடக் குறைவாக வந்து எல்லோருக்கும் இடித்துக்கொண்டிருந்தது, என் விடையில் இடிக்கவில்லை. பிறகு அந்த வரி. எஞ்சிய சமன்பாடு தானாகவே நிறைவேறுகிறது என்பதை எளிதில் காட்டலாம். எளிதில் காட்டலாம் என்று எழுதிவிட்டால் காட்ட வேண்டியதில்லை, படிக்கிறவனும் கேட்க மாட்டான், கேட்டால் தனக்கு எளிதாக வரவில்லை என்று ஒப்புக்கொண்டதாகும். பதினைந்து வருடம் அந்தக் கட்டுரையோடுதான் எல்லா மேடையும் ஏறினேன், பேராசிரியர் ஆனேன். பிறகு ஒரு சனிக்கிழமை, வகுப்பு இல்லாத நாள், திங்கட்கிழமைப் பாடத்துக்காக வெறும் வகுப்பறையில் கரும்பலகையில் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏன் அன்றைக்கு மூன்றாவதைப் போட்டேன் என்று தெரியவில்லை. பலகையில் இடம் மிச்சம் இருந்தது, அவ்வளவுதான். போட்டேன், பொருந்தவில்லை. லாம்ப்டா மாறும் வீதம் மட்டும் தனியாக மீந்து நின்றது. மறுபடி போட்டேன். நின்றது. அப்புறம்தான் உறைத்தது, இரண்டு போதும் என்பது லாம்ப்டா மாறாத வரைக்கும்தான். பொதுச் சார்பியல் சமன்பாட்டின் இடது பக்கத்துக்கு ஒரு குணம் உண்டு, அதிலிருந்து எதுவும் கசியாது. லாம்ப்டா தன்னிஷ்டத்துக்குக் குறைய முடியாது. குறைந்தால் குறைந்த அளவுக்கு எங்கோ பொருள் பிறந்தாக வேண்டும். கூடினால் அந்த அளவுக்கு இருக்கிற பொருள் இல்லாமல் போக வேண்டும். நான் லாம்ப்டாவைக் குறைத்துவிட்டுப் பொருளைத் தொடாமல் விட்டிருக்கிறேன். கீழ்வகுப்புப் பையன் செய்தால் கோபம் வரக்கூடிய தவறு. பலகையைத் துடைக்க டஸ்டரைத் தேடினேன், இல்லை, கையால் துடைத்தேன். வீட்டுக்கு வந்தபோது செண்பகம், என்ன கையெல்லாம் சுண்ணாம்பு, வெள்ளையடிச்சீங்களா என்றாள். அன்றைக்குச் சாப்பிடும்போதுதான் காதில் அந்த மில் ஓட ஆரம்பித்தது.

பன்னிரண்டாவது. இல்லை, பதின்மூன்று. ஒரு வரைபடம், நீலக்கோடு, சிவப்புக்கோடு, எமில்டாவின் லேசர் கைக்கோலின் சிவப்புப் புள்ளி கோட்டின் மேல் ஊர்ந்து போகிறது. நன்றாகத்தான் செய்திருக்கிறார், ஆய்வேட்டின் ஏழு இயல்களில் கடைசி நான்கும் மூன்றாம் இயலின் மேல் நிற்கின்றன, மூன்றாம் இயல் என் கட்டுரையின் மேல் நிற்கிறது. யாருக்கு என்ன கெட்டுப்போயிற்று. இதைத்தான் பதினோரு வருடமாகச் சொல்லிக்கொள்கிறேன். பாலம் கட்டவில்லை, மருந்து கொடுக்கவில்லை. ஆயிரம் கோடி வருடத்துக்கு முன்னால் அண்டம் எவ்வளவு வேகமாக விரிந்தது என்பதில் ஒருவன் தவறிவிட்டால் யார் வீட்டுக் கூரை விழும். ஒரு திருத்தம் அனுப்பியிருக்கலாம். அரைப்பக்கம். அனுப்ப உட்கார்ந்தேன், மூன்று முறை உட்கார்ந்தேன். முதல் முறை துறைத்தலைவர் பதவி வரவிருந்தது. இரண்டாம் முறை வந்துவிட்டது. மூன்றாம் முறை எதுவும் இல்லை, ஒரு காரணமும் இல்லை, அதுதான் என்னைப் பயமுறுத்தியது, காரணம் தீர்ந்த பிறகும் கை எழுதவில்லை. எமில்டா இந்த ஆய்வுக்குப் பதிவு செய்தது ஒன்பது வருடம் முன்பு. எனக்குத் தெரிந்தது பதினோரு வருடம் முன்பு. நடுவில் இரண்டு வருடம் இருக்கிறது. அந்த இரண்டு வருடத்தில் ஒரு மாலை அரைப்பக்கம் எழுதியிருந்தால் இவர் வேறு தலைப்பு எடுத்திருப்பார். இந்த எண்ணம் வரும்போதெல்லாம் தண்ணீர் குடிக்கிறேன் போலிருக்கிறது, பாட்டில் பாதியாகிவிட்டது. ஆய்வேடு என்னிடம் வந்தபோது மறுத்திருக்கலாம். மறுத்தால் வேறு யாருக்காவது போகும், அவர்களில் ஒருவன் மூன்றுமுறை பூட்டை இழுத்துப் பார்க்கிறவனாக இருந்துவிட்டால். அதனால் ஒப்புக்கொண்டேன். அடக்கத்தோடு ஒப்புக்கொண்டேன், இந்தத் துறையில் நான்தானே மூத்தவன் என்று தாணுமாலயனிடம் போனில் சொன்னேன். சொல்லிவிட்டு மூன்றாம் இயலை மட்டும் இரண்டு தடவை படித்தேன், சந்தேகம் ஏதாவது அவருக்கு வந்திருக்கிறதா என்று. வரவில்லை. என் வரியை அப்படியே எடுத்து எழுதி, என் பெயரைப் போட்டிருந்தார். எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்ததும் கையில் எடுத்த முந்திரிப்பருப்பைத் தட்டிலேயே வைத்துவிடுகிறேன்.

என்ன சார், கண்ணு சொக்குதா, காபி சொல்லட்டா என்று தாணுமாலயன் குனிந்து காதோரம் கேட்கிறார், சொக்கியது அவர்தான். வேண்டாம் என்கிறேன். ரெண்டு கேள்வியோட முடிச்சிக்கிடுங்க, சாப்பாடு ஆறிப்போவும், மீன்குழம்பு தனியா சொல்லிருக்கு உங்களுக்கு என்கிறார். தலையாட்டுகிறேன். பதினேழாவது வந்துவிட்டது, நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் வந்துவிட்டது. திரையில் என் பெயர், ஆவுடையப்பன், பக்கத்தில் வருடம். அவையில் சலசலப்பு, யாரோ யாருக்கோ என்னைக் காட்டுகிறார்கள். எமில்டா என் பக்கம் திரும்பிக் கும்பிடுகிறார், கைக்கோலையும் சேர்த்துப் பிடித்துக் கும்பிடுகிறார், சிவப்புப் புள்ளி என் சட்டையில் ஒரு கணம் விழுந்து மேலே போகிறது. இந்தக் கட்டுரை இல்லேன்னா இந்த ஆய்வே இல்லை என்கிறார். இரண்டு சமன்பாடுகள். கீழே பாதித் திரை வெறுமையாக இருக்கிறது. வெறுமையாக இல்லை என்று பத்து நிமிடத்துக்கு முன்தானே சொன்னார். இந்த அறை முழுக்க அது இருக்கிறது, நாற்காலிகளுக்கு நடுவில், அந்த மாமியாரின் மடியில், என் பற்களுக்குள், ஒரே அளவில். நான் எழுதியதுபோல அது குறைந்துகொண்டு வந்தால் இந்த அறையிலேயே, இப்போது, கணக்குக்கு வராத ஒன்று பிறந்துகொண்டிருக்க வேண்டும். எங்கே. மெல்லத் திரும்பிப் பின்வரிசைகளைப் பார்க்கிறேன். எல்லோரும் திரையைப் பார்க்கிறார்கள். எமில்டா மட்டும் அந்தப் பாதி வெறுமையைப் பார்த்துக்கொண்டு, பேச்சை நிறுத்தி, ஒரு நொடி, இரண்டு நொடி, பிறகு அடுத்த சிலைடுக்குப் போகிறார். மூச்சு வாங்கினார் போல. வேறெதுவும் இருக்காது.

முடிந்துவிட்டது. எப்போது முடிந்தது. இருபது சிலைடுகள் ஒரே சிலைடாகப் போய்விட்டன. நன்றி சொல்கிறார், நெறியாளருக்கு, கணவருக்கு, அத்தைக்கு. அவையினர் கேள்வி கேட்கலாம் என்கிறார் தாணுமாலயன். மூன்றாவது வரிசையில் ஒரு மாணவி எழுந்து துண்டுத் தாளைப் பார்த்துப் படிக்கிறாள், கேள்வி எண் நான்கு, தங்கள் மாதிரியில் அண்டத்தின் வயது எவ்வளவு. எண்ணையும் சேர்த்துப் படித்துவிட்டாள். அவை சிரிக்கிறது. ததேயுஸ் கதவருகில் நின்று தலையில் அடித்துக்கொள்கிறார், நாலு அடுத்தாப்ல பிள்ளே, மொதல்ல ஒண்ணு என்று யாரோ பின்னால் கத்துகிறார்கள். எமில்டாவும் சிரிக்கிறார், பரவால்ல, நாலுக்கே பதில் சொல்லுதேன் என்கிறார், சொல்கிறார். சிரிப்பில் அறை லேசாகிவிட்டது. நானும் லேசாகிவிட்டேன். இதுதான் சமயம் என்று தோன்றுகிறது. எழுந்து, சிரித்துக்கொண்டே, எமில்டா, உங்கள் மேல் பிழையில்லை, பிழை என்னுடையது, பதினேழாவது சிலைடைப் போடுங்கள் என்று சொல்லிவிடலாம். சொன்னால் பேனரை யார் இறக்குவார்கள். பட்டம் இன்றைக்கு நின்றுபோகும், தாணுமாலயன் அடுத்த மாதம் போய்விடுவார், புது நெறியாளர், புது இயல்கள், இன்னும் மூன்று வருடம், நாலு வருடம். ஒன்று மாறினால் இன்னொன்று கொடுத்தாக வேண்டும், என் வாயிலிருந்து வருவது இவர் வாழ்க்கையிலிருந்து போகும். ஆகவே பேசாமல் இருப்பது இவருக்காக. எவ்வளவு சுலபமாக வந்து நிற்கிறது இந்த வாக்கியம், எளிதில் காட்டலாம் என்பதுபோலவே. இப்ப நம்ம தேர்வாளர் அவர்கள் என்று மைக் என் பக்கம் வருகிறது. எதிர்காலத்தில் இந்த ஆய்வை எந்தத் திசையில் கொண்டு போவீர்கள் என்று கேட்கிறேன். எல்லா வாய்மொழித் தேர்விலும் கேட்கும் கேள்வி, யாரும் இதில் தடுமாறியதில்லை.

எமில்டா தடுமாறுகிறார். பேச்சு மேடையின் கீழ்த்தட்டிலிருந்து ஒரு நீண்ட நோட்டை எடுக்கிறார், மூலைகள் மடங்கிய பள்ளிக்கூட நோட்டு. அதுக்கு நான் படிச்சு வச்சிருந்த பதில் வேற சார் என்கிறார், ஆனா நீங்களே எதிர்ல இருக்கும்போது கேக்காம விட்டா இனி எப்பக் கேக்கப்போறேன். தாணுமாலயன் கண்ணைத் திறந்துவிட்டார். ரெண்டு வருஷம் முன்னாடி அந்த முடுக்கச் சமன்பாட்டையும் போட்டுப் பாத்தேன் சார், சும்மா ஒரு சரிபார்ப்புக்குத்தான், பொருந்தி வரல. ஒண்ணு மீந்து நிக்குது. விடியக்காலம் எழும்பிப் போடுவேன், பிள்ளைய ஸ்கூலுக்கு அனுப்பிட்டுப் போடுவேன், இந்த நோட்டு முழுக்க அதேதான். உங்க பேப்பர்ல தானா வந்திரும்னு போட்டிருக்கீங்க, அப்ப நான்தான் எங்கியோ தப்பு பண்ணிட்டே இருக்கேன். இவ்வளவு சின்ன விஷயம் வரலியே, நமக்கெல்லாம் எதுக்கு இந்தப் பட்டம்னு ஒருநாள் எல்லாத்தையும் கட்டி மேல போட்டுட்டேன், இவங்கதான் எடுத்துக் குடுத்தாங்க. கதவருகில் ததேயுஸ் தரையைப் பார்க்கிறார். அந்தத் தப்பைக் கண்டுபிடிக்கணும் சார், அதுதான் என் எதிர்காலத் திட்டம் என்று சொல்லிவிட்டுச் சிரிக்கிறார். அவையும் சிரிக்கிறது.

ஏசி நின்றுவிட்டதா, இல்லை எனக்குக் கேட்கவில்லையா. ஆக இவரிடமிருந்துதான் போயிருக்கிறது. பதினோரு வருடமாக என் மௌனத்தால் எங்கேயும் எதுவும் குறையவில்லை என்று நினைத்திருந்தேன், அது இந்த அம்மாவின் விடியற்காலைகளிலிருந்து குறைந்துகொண்டிருந்திருக்கிறது, பக்கம் பக்கமாக, நீல மையில். சரியாகப் போட்டிருக்கிறார். நான் கையால் துடைத்ததை இவர் துடைக்காமல் வைத்திருக்கிறார். சொல், சரியாகப் போட்டிருக்கிறீர்கள் என்று சொல், இரண்டு சொல். வாயைத் திறக்கிறேன். குறி ஒண்ணு மாறியிருக்கும்மா என்கிறது என் குரல். வகுப்பெடுக்கும் குரல், நிதானமான குரல். கழித்தல் வர்ற இடத்துல கூட்டல் போட்டிருப்பீங்க. எல்லாருக்கும் நடக்கிறதுதான்.

எமில்டாவின் முகத்தில் ஏதோ கட்டவிழ்ந்து மலர்கிறது. இரண்டு வருடம் சுமந்ததை இறக்கி வைத்தவரின் முகம். நெனச்சேன் சார் என்கிறார், என்கிட்டதான் இருக்கும்னு நெனச்சேன். எந்தப் பக்கத்துல சார், நோட்டைத் தரட்டுமா. கையை நீட்டுகிறார், மேடைக்கும் என் மேசைக்கும் நடுவில் நோட்டு நிற்கிறது. வேண்டாம் என்கிறேன், நீங்களே தேடுங்க, கிடைக்கும். தேடுதேன் சார் என்கிறார். தாணுமாலயன் அவசரமாக எழுந்து, ஆய்வாளர் முனைவர் பட்டத்துக்குத் தகுதியானவர் எனத் தேர்வுக்குழு பரிந்துரைக்கிறது என்று ஒரே மூச்சில் அறிவிக்கிறார், கைதட்டல் எழுகிறது, மாமியார் உட்கார்ந்தபடியே தட்டுகிறார், யாரோ சால்வையைப் பிரிக்கிறார்கள். எமில்டா இன்னும் யாரையும் பார்க்கவில்லை. குனிந்து நோட்டின் மேலட்டையில் எதையோ எழுதுகிறார். பெரிய எழுத்து, இங்கிருந்தே படிக்க முடிகிறது. குறி தப்பு, தேடணும், ஆவுடையப்பன் சார் சொன்னது. எழுதியதன் கீழே இரண்டு கோடு இழுத்து, மூடி, அதன்பிறகுதான் சால்வைக்குத் தலை குனிகிறார். நாளை விடியற்காலம் எழுந்து தொடங்கிவிடுவார், முதல் பக்கத்திலிருந்து, ஒவ்வொரு குறியாக.